வெண்பட்டில் ஒரு டின் எண்ணெய்

உண்மை ஒரு நாள் ஊரெல்லாம் அலைந்து களைத்துக் கடைசியில் ஒரே ஒரு கதவைத் தட்டுமானால், அது காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில் இருக்கும் துப்பறிவாளர் கோவிந்தராஜுலுவின் கதவாகத்தான் இருக்கும். அவருடைய விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. முன்பக்கத்தில், 'நாற்பத்தேழு வழக்குகள், தோல்வி பூஜ்யம்.' அந்த நாற்பத்தேழில் நாற்பத்து நான்கு, மாப்பிள்ளை குடிப்பாரா என்று பெண் வீட்டாருக்காக விசாரித்தவை. மிச்சம் மூன்றும் பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் கேட்டவை.

அந்தக் கார்டை அச்சகத்தில் கொடுத்து வாங்கி வந்தவள் உதவியாளர் கிளாடிஸ். பன்னிரண்டு வருஷமாக அவரோடு இருக்கிறாள். அவர் பேச்சில் பாதியை நம்புவாள். எந்தப் பாதி என்பதைத் தானே முடிவு செய்துகொள்வாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தக் கதவைத் தட்டியது உண்மை அல்ல. அரசியல் பத்திரிகையாளர் ஜெரால்டு. அறுபது வயது, வெள்ளை ஜிப்பா, பித்தளை மாதிரி பளபளக்கும் கைக்கடிகாரம்.

"என்ற பேரு ஜெரால்டுங்க. சொல்லித் தெரிய வேண்டியதில்ல."

"தெரியுமுங்க" என்றாள் கிளாடிஸ். "ஞாயித்துக்கிழமை நம்ம மாதா கோயில் பூசையில ரெண்டாவது வாசகம் நீங்கதானுங்களே வாசிப்பீங்க. வாசகத்தைவிட மைக்கைத் தட்டிப் பாக்கறதுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்குவீங்க."

ஜெரால்டு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைபேசியை நீட்டினார். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவர் பெயரில் ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நடக்கிற அதே களஞ்சியம். முப்பத்தைந்து வருஷப் பத்திரிகைப் பணி, ஆட்சிகளை நடுங்க வைத்த பேனா, பொன்னாடைகள் என்று பக்கம் வழுவழுவென்று போய், நடுவில் ஒரு வரியில் சறுக்கியது:

'2011 தேர்தலின்போது ஒரு வேட்பாளரிடமிருந்து இவர் ஒரு வேன் நிறையத் தேங்காய் எண்ணெய் டின்கள் பெற்றார்.' வரியின் முடிவில் ஆதார எண். ஆதாரம், 2018இல் வந்த 'நொய்யல் முழக்கம்' வார இதழ்.

"பச்சைப் பொய்யிங்க!" என்றார் ஜெரால்டு. "ஒரு டின்னை ஒரு வேன் ஆக்கிப்போட்டானுங்க! பதினோரு தடவை அழிச்சேன். பதினோரு தடவையும் ஒருத்தன் திருப்பிப் போடறான். அவனோட புனைபெயரைப் பாருங்க, 'காலிஎடை'. எவனோ எதிர்க்கட்சிக்காரன்."

"எந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சிங்க?" என்றாள் கிளாடிஸ்.

ஜெரால்டு கொஞ்சம் யோசித்தார். "அதை நீங்கதான் கண்டுபிடிக்கோணும்."

விஷயம் அவசரம். ஊருக்கு வெளியே புதிதாக வந்த ஒரு தனியார் கல்லூரி, 'ஊடக அறநெறி இருக்கை' என்று ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தி அதற்கு ஜெரால்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. நியமனக் கடிதம் தயார். கையெழுத்துப் போடும் முன் தேர்வுக்குழுவில் ஒருவர் அவர் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இந்த வரி பொய் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள்.

"வாழ்நாள் பூரா எழுதினதுக்கு இது ஒண்ணுதாங்க கூலி" என்றார் ஜெரால்டு. அதைச் சொன்னபோது மட்டும் அவர் மைக்கைத் தட்டவில்லை. கிளாடிஸுக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"கவலையை விடுங்க" என்று கோவிந்தராஜுலு எழுந்து நின்றார். "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அவனை உங்க காலடியில கொண்டாந்து நிறுத்தறேன்."

ஜெரால்டு படியிறங்கியதும் கிளாடிஸ் தன் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு சொல் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டாள். *ஒரு டின்?*

---

"காலிஎடை" என்று கோவிந்தராஜுலு அறையின் குறுக்கே நடந்தார். "கவனிச்சியா அம்மணி? மனசு காலி, சதி எடை. சங்கேதப் பெயர். படிச்ச பயல்."

"சார், எடைமேடையில லாரியை லோடோட ஒருக்கா நிறுத்துவாங்க, லோடை எறக்கிப்போட்டு ஒருக்கா நிறுத்துவாங்க. வெறும் லாரியோட எடைக்குப் பேரு காலி எடை. என்ற மாமனார் லாரி ஓட்டினவருங்க."

கோவிந்தராஜுலு நடையை நிறுத்தவில்லை. திசையை மட்டும் மாற்றினார். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

கலைக்களஞ்சியத்தில் ஒரு வசதி. யார், எந்த நாளில், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்பதெல்லாம் அழியாமல் நிற்கும். கிளாடிஸ் காலிஎடையின் ஒரு வருஷத் திருத்தங்களைத் தேதிவாரியாக எழுதினாள். ஞாயிறு, பொங்கல் என்று லீவே இல்லை. தினமும் பகலில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திருத்தியிருந்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் காலையிலிருந்து ஐந்து மணி வரை ஆளைக் காணோம். ஐந்தேகாலுக்கு மறுபடி ஆஜர்.

"வைத்தியத்துக்குப் போறான்" என்றார் கோவிந்தராஜுலு. "இல்லாட்டிக் கோர்ட்டு வாய்தா. குற்றப் பின்னணி!"

"மாசம் ஒரு நாள், ஒம்போதுல இருந்து அஞ்சு வரைக்கும். வாய்தாவுக்குப் போறவன் இவ்வளவு ஒழுங்கா திரும்பி வரமாட்டானுங்க சார். கரண்டுதான் வரும்."

அலுவலக மூலையில் பழைய நாளிதழ்கள் குவிந்திருந்தன. சாட்சியங்களுக்காகச் சேமிப்பதாகக் கோவிந்தராஜுலு சொல்வார். பழைய பேப்பர்க்காரர் கிலோவுக்கு நல்ல விலை சொல்லும்வரை என்பது கிளாடிஸுக்குத் தெரியும். அவற்றில் 'நாளை மின்தடை' என்ற பெட்டிச் செய்திகளை மட்டும் தேடினாள். கோவை, திருப்பூர், ஈரோடு என்று ஊர் ஊராகப் பராமரிப்புப் பணிக்காக மாதம் ஒரு நாள் கரண்டை நிறுத்துகிறவர்கள், எந்தெந்த இடத்தில் என்று வரிசையாகப் போட்டுவிடுவார்கள். இந்தப் பட்டியலில் வராத ஊரில் ஒளிந்திருந்தால் தப்பித்திருப்பான். நான்கு மாதத் தேதிகளைப் பொருத்தியதும் ஒரே ஒரு வட்டாரம் மிஞ்சியது.

"காங்கேயம்" என்றாள் கிளாடிஸ். "அதுலயும் பஸ் ஸ்டாண்டுக்கு அக்கட்ட இருக்கற பகுதி. யு.பி.எஸ் கூட இல்லாத பழைய கம்ப்யூட்டர். பக்கத்துல ஒரு எடைமேடை."

"நான் நினைச்ச ஊரே அதுதான்" என்றார் கோவிந்தராஜுலு.

---

சனிக்கிழமை காலை சிங்காநல்லூரில் பஸ் ஏறி, பல்லடம் தாண்டி, காங்கேயத்தில் இறங்கும்போது பதினொன்றே முக்கால். காற்றில் கொப்பரை வாசம். களங்களில் தேங்காய்ப் பருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மின்தடைப் பட்டியலில் இருந்த பகுதியில் எடைமேடை இரண்டு. முதலாவதில் இருந்தவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஜாதகம் பார்க்கிற கம்ப்யூட்டர்தான். இரண்டாவதின் கண்ணாடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததும் கிளாடிஸ் நின்றுவிட்டாள். எடைச்சீட்டு அடிக்கிற திரையின் ஓரத்தில் கலைக்களஞ்சியத்தின் பக்கம் திறந்திருந்தது.

கோவிந்தராஜுலு சாலையோரத்துக்கு ஒதுங்கி ஜெரால்டுக்குப் போன் போட்டார். "குற்றவாளி என் பிடியில். உடனே காரை எடுத்துக்கிட்டு வாங்க."

அந்த நேரத்தில் குற்றவாளி கதவைத் திறந்து, "வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க. டீக்குச் சக்கரை போடலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் காளிச்சாமி. ஐம்பது வயது, காதில் பேனா. லாரி வந்தால் எடை போடுவார். லாரி வராத நேரத்தில் கலைக்களஞ்சியம். பத்து வருஷமாக இதே நாற்காலி.

"நீங்கதான் காலிஎடை" என்றார் கோவிந்தராஜுலு, சொற்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்து.

"ஆமாங்க" என்றார் காளிச்சாமி.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்காத கோவிந்தராஜுலு, தயாராக வைத்திருந்த அடுத்த மூன்று கேள்விகளையும் டீயோடு சேர்த்து விழுங்கினார்.

"ஜெரால்டு மேல உங்களுக்கு என்னங்க கோவம்?" என்று கிளாடிஸ் கேட்டாள்.

"கோவமா? அவரை நான் பாத்ததே இல்லீங்க. அவர் எழுதினதைப் படிச்சிருக்கேன். படிச்சதும் கோவம் வராதுங்க, தூக்கந்தான் வரும்." காளிச்சாமி இதைக் குறையாகச் சொல்லவில்லை. "அச்சுல ஆதாரம் இருக்கற வரியைச் சும்மா அழிக்கக் கூடாதுங்க. பொய்யின்னா, பொய்யிங்கறதுக்கு ஒரு ஆதாரம் கொண்டாங்கன்னு பதினோரு தடவை எழுதினேன். வரலீங்க. மூணு கட்சித் தலைவருங்க பக்கத்துலயும் நான் இப்படித்தான். மூணு பேரும் என்னை அடுத்த கட்சிக்காரன்னு சொல்றாங்க."

"அந்த வார இதழ் இருக்குங்களா?"

இருந்தது. நகல் எடுத்து உறையில் போட்டு வைத்திருந்தார். கிளாடிஸ் தலைப்பைப் படித்தாள். 'வெண்பட்டு வாழ்வில் ஒரு கறை! வேன் நிறைய எண்ணெய் வாங்கிய பத்திரிகையாளர்!'

"வெண்பட்டு" என்று முணுமுணுத்தாள். "இந்த வரி மொதமொதல்ல உங்க களஞ்சியத்துல எப்ப வந்துச்சுங்க? இதழுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

காளிச்சாமி பழைய பதிப்புகளைப் புரட்டினார். ஒரு லாரி வந்தது. எழுந்து போய் எடை போட்டுவிட்டு வந்து மறுபடி புரட்டினார். 2018க்குக் கீழே 2017. அதற்கும் கீழே 2016. அங்கே அவர் விரல் நின்றது.

'வெண்பட்டு போன்ற இவரது தூய வாழ்வில் ஒரு சிறு கறையாக, 2011 தேர்தலில் ஒரு வேட்பாளரிடம் ஒரு டின் தேங்காய் எண்ணெய் பெற்றதாகச் சிலர் கூறுவர்.' ஆதாரம் ஏதும் இல்லை. பக்கத்திலேயே காளிச்சாமி அன்று போட்ட குறி: 'ஆதாரம் தேவை.'

கிளாடிஸ் இதழின் தலைப்பைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டிலும் அதே வெண்பட்டு, அதே கறை.

இந்த இடத்தில் கோவிந்தராஜுலு டீ தம்ளரைக் கீழே வைத்தார். அவரைப் பற்றி என்ன சொன்னாலும், நாற்பத்தேழு மாப்பிள்ளை பெண் விசாரணைகள் வீண் போகவில்லை.

"ஒருக்கா சூலூர்ல ஒரு பையனைப் பத்தி விசாரிச்சேன்" என்றார். குரலில் அலங்காரம் போயிருந்தது. "டீக்கடைக்காரர் சொன்னார், 'தங்கமான பையன், தலை குனிஞ்சு நடப்பான்'. இஸ்திரிக்காரரும் அதே, தங்கம், தலை குனிஞ்சு. பக்கத்து ஊட்டம்மாவும் அதே. மூணு சாட்சி ஆச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். பொறவு பாத்தா, கல்யாணத் தரகர் காலையிலயே வந்து மூணு பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கார். மூணு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னா அது மூணு சாட்சி இல்ல அம்மணி. ஒரே தரகர்."

காளிச்சாமி நெற்றியைத் தடவினார். "அப்பக் களஞ்சியத்தைப் பாத்து இதழ்க்காரன் எழுதியிருக்கான். டின்னு பத்தாதுன்னு வேனாக்கிப்போட்டான். அந்த இதழைப் பாத்து வேனை நான் களஞ்சியத்துல ஏத்தினேன். சுத்திச் சுத்தி ஒரே லோடைத்தானுங்க எடை போட்டிருக்கறோம்!" இதழ் நகலை வாங்கி உறைக்குள் திருப்பிப் போட்டார். "தப்பு என்ற மேலயும் இருக்குதுங்க. அச்சுல வந்துபோச்சுன்னா நெசம்னு இருந்துட்டேன்."

"அந்தத் தரகர் யாருன்னு பாக்கலாமுங்களா?" என்றாள் கிளாடிஸ்.

2016இல் அந்த வரியைச் சேர்த்தவரின் புனைபெயர் 'நடுநிலைநாயகன்'. அவர் வாழ்நாளில் செய்த திருத்தம் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டும் ஜெரால்டின் பக்கத்தில். 'ஆட்சிகளை நடுங்க வைத்த பேனா' அவர் எழுதியதுதான். பொன்னாடைகளைப் போர்த்தியவரும் அவர்தான்.

"எதிரிக்கு இவ்வளவு பாசமா?" என்றாள் கிளாடிஸ். "கறைங்கறதுக்கு முன்னாடி வெண்பட்டை விரிச்சுப்போட்டுத்தானே கறையையே வெக்கறான்."

"போட்டோவையும் அவர்தான் ஏத்தினாருங்க" என்ற காளிச்சாமி படத்தைத் திறந்தார். "படம் எடுத்தவர் யாருன்னு நாங்க கேப்போம். 'சொந்தப் படைப்பு, நானே எடுத்தது'ன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

திரை நிறைய ஜெரால்டின் முகம். சிந்தனையில் ஆழ்ந்த பார்வை. கிளாடிஸ் முகத்தைப் பார்க்கவில்லை; படத்தின் இடது கீழ்மூலையைப் பார்த்தாள். அங்கே பார்க்கிறவரை நோக்கி ஒரு கை நீண்டு வந்து, பாதியில் படத்துக்கு வெளியே போயிருந்தது. மணிக்கட்டில் பித்தளை மாதிரி பளபளக்கும் கடிகாரம்.

கிளாடிஸ் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, கேள்விக்குறியை அடித்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தாள்.

---

ஜெரால்டு வந்தபோது மணி மூன்று. வந்த வேகத்தில் கார் எடைமேடை மேலேயே ஏறி நின்றது. உள்ளே திரையில் எண்கள் ஓடி ஓர் எடையில் நின்றன. ஜெரால்டு இறங்கி ஜிப்பாக் கையை மடித்துக்கொண்டு நடந்தார். திரையில் எண்பது கிலோ குறைந்தது.

"இவன்தானா? டேய், உன்னை..."

"உக்காருங்க" என்றாள் கிளாடிஸ். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். பக்கத்துலயும் வேன், இதழ்லயும் வேன். நேத்து எங்ககிட்ட 'ஒரு டின்னை வேனாக்கிப்போட்டானுங்க'ன்னீங்க. அது ஒரு டின்னுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

ஜெரால்டு கோவிந்தராஜுலுவைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியே கொப்பரைக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளிச்சாமி திரையைத் திருப்பிக் காட்டினார். பெரிய முகம், நீண்ட கை, கடிகாரம்.

ஜெரால்டு உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை, யாரோ மேலேயிருந்து அழுத்தினது மாதிரி உட்கார்ந்தார்.

"எண்ணெய் வாங்கினீங்களா?" என்றார் கோவிந்தராஜுலு மெல்ல.

"சத்தியமா இல்லீங்க. ஒரு சொட்டு வாங்கலீங்க."

"அப்பறம் எதுக்குங்க எழுதினீங்க?" என்றாள் கிளாடிஸ்.

"இவர்தாங்க காரணம்!" ஜெரால்டின் விரல் காளிச்சாமியை நோக்கி நீண்டது. "'இது வாழ்க்கை வரலாறு மாதிரி இல்ல, கும்பாபிஷேக நோட்டீஸ் மாதிரி இருக்குது. வெளியாள் விமர்சனம் இருந்தாச் சேருங்க, இல்லாட்டி நீக்கச் சொல்லுவேன்'னு எழுதினாருங்க. ஒரு குறை இருந்தாத்தான் நெசமான பக்கம்னு நம்புவாங்களாம். புது ஊட்டுக்கு முன்னாடி பூசணிக்காய் தொங்க விடறமில்லீங்க? அந்த மாதிரி ஒரு திருஷ்டிப் பொட்டு. சின்னதா, யாரையும் நோகடிக்காத மாதிரி, ஒரு டின்னு."

"இருக்கற விமர்சனத்தைச் சேருங்கன்னுதானுங்க எழுதினேன்" என்றார் காளிச்சாமி. "இல்லாததை உண்டாக்கச் சொல்லலீங்களே."

"தேடினேனுங்க." ஜெரால்டின் குரல் இப்போது மைக் இல்லாமலே சின்னதாகிவிட்டது. "ரெண்டு நாள் தேடினேன். இன்னைக்கு வரைக்கும் முப்பத்தஞ்சு வருசம், ஏழு தேர்தல். எந்தக் கட்சிக்காரனும் என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசலீங்க. ஒரு கண்டனம் இல்ல, ஒரு வழக்கு இல்ல, மொட்டைக் கடுதாசிகூட இல்ல. என்னைத் திட்டறதுக்கு ஒருத்தனும் இல்லீங்க."

கிளாடிஸிடம் அதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

"அப்பறம் நடுநிலைநாயகன் பேர்லயே வந்து, 'நான் எழுதினது பொய்'னு சொல்லி எடுத்திருக்கலாமே?" என்று கேட்டாள்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சுங்க."

மணி மூன்றே முக்கால். காளிச்சாமி பேனாவைக் காதிலிருந்து எடுத்தார்.

"இங்க பாருங்க. நடுநிலைநாயகன் யாருன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன். புனைபெயருக்குப் பின்னாடி யாருன்னு காட்டிக் குடுக்கறது எங்க முறையில்ல. இவியளும் சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த வரி போகோணும்னா, அது பொய்யின்னு யாராச்சும் பேர் போட்டு எழுதித் தரோணும். அது பொய்யின்னு உறுதியாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தாங்க இருக்கார்."

எழுதாவிட்டால் எண்ணெய் வாங்கியவர். எழுதினால், எண்ணெய் வாங்கியதாகத் தன்னைப் பற்றித் தானே புளுகியவர். ஐந்து மணிக்கு அறநெறி இருக்கை. ஜெரால்டு இரண்டையும் மனசுக்குள் மாறி மாறி நிறுத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. வெளியே இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"திருடன்னு பேர் வாங்கறதுக்குப் பைத்தியக்காரன்னு பேர் வாங்கிக்கறேன்" என்றார் கடைசியில். "பேப்பர் குடுங்க."

எடைச்சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். முதல் முறை 'வரலாறு என்னை' என்று ஆரம்பித்தார். கிளாடிஸ் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு அடுத்ததை நீட்டினாள். இரண்டாவது முறை நான்கே வரி. 'எண்ணெய் வாங்கியதாக என் பக்கத்தில் எழுதியது நான். அது பொய். பக்கத்தின் மற்றவற்றையும் நானே எழுதினேன். ஜெரால்டு.' முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எழுதியதில் யாருக்காவது கோபம் வரக்கூடிய முதல் எழுத்து அதுதான் என்று கிளாடிஸுக்குத் தோன்றியது. படம் எடுத்துத் தேர்வுக்குழுவுக்கு அனுப்பினாள். மணி நான்கு ஐம்பத்திரண்டு.

ஜெரால்டு போன பிறகு, கோவிந்தராஜுலு கிளம்ப மனமில்லாமல் வாசலில் நின்றார். "சும்மாதான் கேக்கறேன். ஒரு துப்பறிவாளருக்குக் களஞ்சியத்துல பக்கம் வேணும்னா..."

"பஸ் வந்துருச்சுங்க சார்" என்றாள் கிளாடிஸ். அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது.

திங்கட்கிழமை கல்லூரி தன் இணையதளத்தில் ஜெரால்டின் கடிதத்தை வெளியிட்டு, வெளிப்படையான மனதுக்கு நன்றி சொல்லி, இருக்கையைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்தது. அன்று மாலையே காளிச்சாமி எண்ணெய் வேனைப் பக்கத்திலிருந்து இறக்கினார். இறக்கியவர், நியாயம் எல்லா வரிக்கும் ஒன்றுதானே என்று மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். நடுங்கிய ஆட்சிகளுக்கு ஆதாரம் இல்லை. பொன்னாடைகளுக்கும் இல்லை.

கடைசியில் பக்கத்தில் இரண்டு வரி மிஞ்சியது. 'ஜெரால்டு கோயம்புத்தூரைச் சேர்ந்த அரசியல் பத்திரிகையாளர். தம்மைப் பற்றிய இக்கட்டுரையைத் தாமே எழுதினார்.'

முதல் வரிக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று குறி இருந்தது. இரண்டாவது வரிக்கு ஆதாரம் இருந்தது.